மறுநாள் படையல்

அத்தியாயம் 14

ராஜாமணியைத் திட்டி இந்த வாரமும் கடிதங்கள் வந்திருக்கின்றன. "புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற பெண்ணை ஒரு மாமியார் இப்படியா வறுத்தெடுப்பாள்?" என்று வளவனூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் பெற்ற வயிறு நியாயம் பார்த்து எரிவதில்லை. இந்த ஒரு நாளை மட்டும் பொறுமையாகப் படித்துவிடுங்கள். அப்புறம் யாரை வேண்டுமானாலும் திட்டுங்கள், என்னையும் சேர்த்து.

ராஜாமணியின் மகன் குமரேசன் போய்ப் பதினேழு நாள் ஆகிறது. முப்பத்தைந்து வயது. காணையில் நாலு ஏக்கர் கரும்பு, எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு, கெட்டுப்போன இரண்டு சிறுநீரகம். வாரம் இரண்டு தடவை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு ஓடிய ஓட்டம் பதினாலு மாதத்தில் நின்றுவிட்டது. நேற்று ஏரிக்கரையில் காரியம் முடிந்தது.

இன்று அவன் மனைவி பிராமியின் அப்பா வருகிறார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக.

திண்டிவனத்தில் காலை எட்டு மணிக்கே தரணேந்திர நயினார் குளித்து, ஜைனக் கோயிலுக்குப் போய் வந்து, பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இரைந்து பேசமாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். வீட்டில் எல்லாருக்கும் பயம் அந்த மெதுவான குரலிடம்தான்.

கட்டிலில் அவர் மனைவி பத்மாம்பாள் படுத்திருந்தாள். மாப்பிள்ளை போய்விட்ட செய்தி கேட்டு எழுந்து ஓடிவந்தவள், படியில் சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். அன்றைக்கே ஆபரேஷன். அதனால்தான் சாவுக்கும் போக முடியவில்லை, காரியத்துக்கும் போக முடியவில்லை என்று நயினார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். இடுப்பு முறியாமல் இருந்திருந்தால் போயிருப்பாரா என்பதை அவரும் கேட்டுக்கொள்ளவில்லை, பத்மாம்பாளும் கேட்கவில்லை.

"புடவை வெச்சுக்கிட்டீங்களா?"

"வெச்சாச்சு."

"சாப்பாடு?"

"டிபன் பாக்ஸ்ல இருக்கு. தண்ணியும் வடிகட்டி எடுத்துக்கிட்டேன். அங்க எதுவும் தொட வேண்டியதில்ல."

பத்மாம்பாள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "உங்க பொண்ணு தண்ணி குடுத்தா வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க. அவளும் வடிகட்டாம குடுக்கமாட்டா."

"அது எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பையன் வாக்கு குடுத்தான், இவளும் சத்தியம் பண்ணினா. யாரு போய்ப் பார்த்தது?"

அந்தப் பையன். குமரேசனை அவர் சொல்லும் வார்த்தை அதுதான். மாப்பிள்ளை என்று ஒரு நாளும் வாயில் வந்ததில்லை. கல்லூரியில் ஒன்றாய்ப் படித்தவனைக் கட்டிக்கொண்டு பிராமி வந்து நின்றபோது, இந்த வீட்டு வாசலில் தெருவில் நின்றபடியே அவன் சொன்னான்: "இனிமே என் வாயில கவுச்சி படாதுங்க. செத்தாலும் படாது." பக்கத்தில் நின்ற பிராமி, "என் அடுப்புல ஏறாதுப்பா" என்றாள். நயினார் மெதுவாக, "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அழைச்சுக்கிட்டு வந்துடுங்க," என்றாள் பத்மாம்பாள். "என்னால போக முடியல. அவ இங்க வந்து என் பக்கத்துல படுத்துக்கட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"அதுக்குத்தானே போறேன். பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவோம்."

பொழுது சாய்ந்தால் அவர்கள் வீட்டில் சாப்பாடு கிடையாது. அது தெரிந்த விஷயம்.

இன்னொரு விஷயம்தான் அவருக்குத் தெரியாது. காரியம் முடிந்த மறுநாள் வீடு வாசல் கழுவி, தலை முழுகிச் சுத்தமாக இருப்பார்கள், அன்றைக்குப் போவதுதான் சரி என்று நாள் குறித்தார். அவர்கள் வீட்டு நினைப்பு அது. ராஜாமணி வீட்டு வழக்கம் வேறு. காரியம் வரைக்கும் கவுச்சி கிடையாது. மறுநாள், செத்தவருக்குப் பிடித்த கறியோ மீனோ ஆக்கிப் படைத்துவிட்டுத்தான் வீட்டார் வாய் வைப்பார்கள். பதினாறு நாள் சைவமாக இருந்த வீட்டுக்கு, கறி மணக்கிற பதினேழாம் நாள் பார்த்துப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார் மனிதர்.

பிராமி சொல்லியிருக்கலாமே என்பீர்கள். முந்தாநாள் போன் வந்தது. "அப்பா பேசறேன். வெள்ளிக்கிழமை வர்றேன். உன்னை அழைச்சுக்கிட்டுப் போகணும்னு அம்மா சொல்றா." அவ்வளவுதான் பேசினார். ஒன்பது வருஷம் கழித்துக் கேட்ட குரலிடம் "வெள்ளிக்கிழமை வேணாம்ப்பா" என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் அவர் இன்னொரு நாள் வருவார் என்று என்ன நிச்சயம்?

காணையில், ராஜாமணியின் தம்பி பச்சைமுத்து கறியை வாங்கிவந்து கொல்லைக் கொட்டாயில் வைத்துவிட்டுப் போனான்.

அந்த வீட்டில் இரண்டு அடுப்பு. உள்ளே இருப்பது பிராமியின் கேஸ் அடுப்பு. கொல்லையில் கீற்றுக் கொட்டாயின் கீழ் இருப்பது ராஜாமணியின் விறகு அடுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜாமணி தனக்கு மட்டும் ஆக்கி, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு, பாத்திரத்தையும் அங்கேயே கழுவிக் கவிழ்த்துவிடுவாள். மருமகளுக்காக அவள் வகுத்துக்கொண்ட எல்லை அது. வாய் எவ்வளவு நீளமோ அந்த எல்லையில் அவள் அவ்வளவு கறார். ஒன்பது வருஷத்தில் ஒரு கரண்டிகூட மாறியதில்லை.

பின்படிக்குக் கீழே பக்கத்து வீட்டுச் செவலை நாய் வந்து உட்கார்ந்திருந்தது. குமரேசன் போன நாளிலிருந்து தினமும் காலையில் வந்து கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

"பாரு, இன்னிக்கும் வந்துட்ச்சு," என்றாள் ராஜாமணி, வெங்காயம் உரித்தபடியே. "வாயில்லா சீவன். எம்புள்ளயத் தேடிக்கினு வருது. அதுக்கு இருக்கற நெனப்பு மனுசங்களுக்கு இல்ல."

பிராமி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நாய் எதற்கு வருகிறது என்று அவளுக்குத் தெரியும்.

"நீ ஆக்க வேணாம். நான் ஆக்கறேன். எலையில மட்டும் நீ வையி. பொண்டாட்டி கையால வெச்சாதான் அவன் வருவான்."

"வைக்கிறேன் அத்த."

இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பாள் என்று ராஜாமணி நினைக்கவில்லை. சண்டைக்குத் தயாராக இருந்தவளுக்குச் சண்டை கிடைக்காமல் போனதில் இன்னும் ஆங்காரம் வந்தது. கத்தியைக் கீழே வைத்தாள்.

"இப்ப வைக்கிற. உசுரோட இருந்தப்ப வெச்சிருந்தா இன்னா? கறி கூட வேணாம்டி. தெனம் ரெண்டு முட்ட. அந்த நர்சு பொண்ணு எத்தினி தபா சொல்லிச்சு? சத்தெல்லாம் மிஷின்ல போயிக்கினு இருக்குது, முட்ட குடுங்க, முட்ட குடுங்கன்னு. நான் அவன் கால்ல விழுந்து கேட்டேன். 'மாமனாருக்கு வாக்கு குடுத்துட்டேம்மா'ன்னு சிரிக்கறான். நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா தின்னுருப்பான். ஒன் சொல்லத் தட்டமாட்டான். சொன்னியா நீ?"

பிராமியின் வாயில் வார்த்தை இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் இந்த வீட்டில் அவள் பேர் நிமிர்ந்துவிடும். ஆனால் ராஜாமணிக்கு வாயில் எதுவும் நிற்காது. மதியத்துக்குள் அது அப்பா காதில் விழும், அவர் தனியாகத் திரும்பிவிடுவார். அம்மா கட்டிலில் படுத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ரசம் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வாக்கியம் இதுதான்: அவள் முட்டை கொடுத்தாள்.

டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் ஆரோக்கியசெல்வி ஒரு நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வெள்ளைக்கருவை மட்டும் தோசை மாவுல அடிச்சுக் கலந்து குடுங்கக்கா. தெரியாது," என்றாள். பிராமி வீட்டுக்கு வரும் வழியில் விழுப்புரத்தில் இறங்கி, தெரியாத கடை ஒன்றில் நாலு முட்டை வாங்கினாள். காணைக் கடையில் வாங்கினால் ஊருக்கே தெரிந்துவிடும். பேப்பரில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது, பை மடியில் கனத்தது. உள்ளே உயிர் இருக்கிறது என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் விடிந்ததும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, பஞ்ச மந்திரத்தைச் சொல்லிவிட்டு, முட்டையை உடைத்தாள். முதலாவது தரையில் விழுந்தது. இரண்டாவது கிண்ணத்தில் விழுந்தது. வெள்ளைக்கரு என்றால் வெள்ளையாக இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கண்ணாடி மாதிரி ஏதோ வழிந்தது. கெட்டுப்போன முட்டை என்று அதைக் கொட்டினாள். மூன்றாவதையும் நான்காவதையும் அப்படியே கொட்டினாள். அடுத்த டயாலிசிஸ் அன்று, "நல்ல முட்டையை எப்படிப் பார்த்து வாங்கறது சிஸ்டர்?" என்று கேட்டபோது ஆரோக்கியசெல்வி சிரித்துவிட்டாள். பிறகு பிராமியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, எது வெள்ளை, எது மஞ்சள், தண்ணீரில் போட்டால் கெட்ட முட்டை எப்படி மிதக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள்.

அப்புறம் கை பழகிவிட்டது. மஞ்சள் கருவைக் கொல்லைக்கு வருகிற செவலை நாய்க்கு ஊற்றுவாள். ஓடுகளை வாழையடியில் பள்ளம் தோண்டிப் புதைப்பாள். கையைச் சீயக்காய் போட்டுத் தேய்ப்பாள். குளித்துவிட்டு வந்துதான் தோசை வார்ப்பாள். ராஜாமணி கரும்புத் தோட்டத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இரண்டரை மாதம் இது நடந்தது.

ஒரு நாள் குமரேசன், "இன்னா பிராமி, தோசை மெத்துனு இருக்குது?" என்று கேட்டான்.

"உளுந்து கூடப் போட்டேன்."

அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "ஒங்கப்பாவுக்கும் ஒரு தபா சுட்டுக் குடு," என்றான். சிரித்துவிட்டு இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அவ்வளவும் செய்து, அவன் செத்துத்தான் போனான்.

பத்மாம்பாளைப் பார்த்துக்கொள்ள ஆள் வந்து, நயினார் பஸ் ஏறவே மணி பதினொன்றரை ஆகிவிட்டது. பஸ் முண்டியம்பாக்கம் வழியாகத்தான் வந்தது. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் கூட்டம் இறங்கியது, ஏறியது. அவர் ஜன்னல் வழியாக அந்தப் பெரிய கட்டடத்தைப் பார்த்தார். எந்த மாடி, எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. பதினாலு மாதம் மகள் இந்த நிறுத்தத்தில் ஏறி இறங்கியிருக்கிறாள். திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை.

காணையில் இறங்கி, வழி கேட்டு, வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி இரண்டு தாண்டிவிட்டது. படலைத் தொட்ட கை அப்படியே நின்றது. கொல்லையிலிருந்து வந்த வாடை என்னவென்று தெரியாத குழந்தையா அவர்? தான் குறித்த நாள் எப்படிப்பட்ட நாள் என்று அப்போதுதான் புரிந்தது.

திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தார். வாஸ்தவமாகவே ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தார். கட்டிலில் படுத்திருப்பவள் ஞாபகம் வந்தது. துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே வந்தார்.

பிராமி கூடத்தில் நின்றாள். நெற்றியில் ஒன்றுமில்லை. கழுத்தில் ஒன்றுமில்லை. அவர் கடைசியாகப் பார்த்தபோது இருபத்தைந்து வயது. இப்போது நிற்பவள் யாரோ மாதிரி இருந்தாள்.

"அப்பா," என்றாள். 

அவர் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

ராஜாமணி கொல்லையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வாங்கண்ணே. ஒக்காருங்க. ஒம்போது வருசம் ஆச்சா காணைக்கு வழி கண்டுபுடிக்க?"

"அக்கா, சும்மா இரு," என்றான் வாசலில் உட்கார்ந்திருந்த பச்சைமுத்து.

"நான் இன்னா தப்பா கேட்டுட்டேன்? எம்மருமவளுக்கு நேத்து கோடிப் பொடவ போட அம்மா வூட்டு ஆளு இல்ல. நீதானடா போட்ட? நான் எடுத்துக் குடுத்த பொடவய?" நயினாரின் பக்கம் திரும்பினாள். குரல் உடைந்துவிட்டது. "அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். ஒங்க சாமி, ஒங்க வெரதம், எல்லாம் பெருசுதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா தெனம் ரெண்டு முட்டயில எம்புள்ள உசுரு இருந்துச்சு. ஒங்க பொண்ணு குடுக்கல. ஒங்களுக்குக் குடுத்த வாக்குக்காவ எம்புள்ளய வாரிக் குடுத்துட்டா. சந்தோசமா இருங்க."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கத்தியை எடுத்துக்கொண்டு, படையலுக்கு இலை அறுக்கக் கொல்லைக்குப் போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்துவதா, வந்தவரைப் பார்ப்பதா என்று தெரியாமல் பச்சைமுத்து எழுந்து தெருப்பக்கம் நடந்தான்.

கூடத்தில் அப்பாவும் பெண்ணும் மட்டும் இருந்தார்கள்.

நயினார் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பிராமி அன்றுதான் முதலில் பார்த்தாள்.

"நான் நம்பலம்மா," என்றார். "ஒன்பது வருஷமா நம்பல. கறி தின்கிற வீட்டுக்குப் போனவ, மெள்ள மெள்ள மாறியிருப்பான்னுதான் நெனச்சேன். உயிர் போற நேரத்துலகூட நீ சொல்லை விடல. அந்தப் பையனும் விடல. உன்னைப் பெத்ததுக்கு எனக்கு..." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கொஞ்சம் தண்ணி குடும்மா."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவள் ஒன்பது வருஷம் காத்திருந்தாள். எத்தனையோ தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறாள். அப்பா வருவார், தண்ணி குடும்மா என்பார், வெள்ளைத் துணியில் வடிகட்டிய தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து கொடுப்பாள், பக்கத்தில் அவன் நின்று சிரிப்பான்.

தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தாள்.  அவர் அண்ணாந்து இரண்டு மடக்குக் குடித்தார்.

அவளுக்கு ராஜாமணி திட்டியபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

"பிராமீ!"

கொல்லையிலிருந்து வந்த குரல் கூப்பிடுகிற மாதிரி இல்லை. பிராமி ஓடினாள்.

வாழையடியில் ராஜாமணி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அறுத்த இலை பக்கத்தில் கிடந்தது. செவலை நாய் முன்காலால் மண்ணைப் பறித்துக் கிளறிப்போட்டிருந்தது. கிளறிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஓடு. ராஜாமணி கையை விட்டுத் துழாவினாள். இன்னும் வந்தது. ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி இது?"

"முட்டை ஓடு அத்த."

"யாருக்கு?"

 பதில் வருமுன்பே ராஜாமணிக்குப் புரிந்துவிட்டது.

"எத்தினி நாளு?"

"ரெண்டரை மாசம். தோசை மாவுல கலந்து. அவருக்குச் சொல்லல. சொன்னா சாப்பிடமாட்டாரு. உங்ககிட்ட சொன்னா..."

"நான் சொல்லிடுவேன்." ராஜாமணி தலையை ஆட்டினாள். நாயைப் பார்த்தாள். "அப்ப இது?"

"மஞ்சளை இதுக்குத்தான் ஊத்துவேன் அத்த."

மகனைத் தேடி வந்த நாய் என்று பதினேழு நாளாய் அவள் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாள். இப்போது அதுவும் இல்லை. நாய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

ராஜாமணி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். மருமகளைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்க்கிறீர்கள், இல்லையா? நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப எதுக்குடி செத்தான்?"

பிராமி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முட்ட தின்னானே. தின்னும் செத்துட்டானே. அப்ப எதனாலடி செத்தான் எம்புள்ள? நீ குடுக்கல, அதனால செத்தான்னு சொல்லிக்கினு இருந்தேன். அதச் சொல்லிச் சொல்லித்தான் பொழுது போச்சு. இனிமே நான் யாரத் திட்டுவேன்?" ஓடுகள் விரலிடுக்கில் நொறுங்கின. பிராமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "குடுக்கலன்னு சொல்லிடுடி. இது வேற யாரோ கொட்டுனதுன்னு சொல்லிடு. என் ராசாத்தி, பொய்யாவாவது சொல்லிடு."

இரண்டு பேரும் அங்கேயே அழுதார்கள். இந்தப் பதினேழு நாளில் அவர்கள் ஒன்றாய் அழுதது அதுதான் முதல் தடவை.

உள்ளேயிருந்து நயினாரின் குரல் கேட்டது. "பிராமி, மூணு மணி ஆகப்போகுதும்மா. கிளம்பினா பொழுதோட போயிடலாம்."

ராஜாமணி சட்டென்று முகத்தைத் துடைத்தாள். இரண்டு கையாலும் மண்ணை வாரி ஓடுகளின் மேல் போட்டாள். எழுந்து நின்று மிதித்துக் கெட்டிப்படுத்தினாள். நாயை விரட்டினாள்.

"ஒங்கப்பனுக்குத் தெரிய வேணாம். நான் செத்தாலும் சொல்லமாட்டேன். எலையப் போட்டுட்டு ஜல்தியா கெளம்பு. ஒங்கம்மா படுத்துக்கினு இருக்குது. அதப் போயிப் பாரு."

வாயில் எதுவும் நிற்காதவள் சொன்னாள் இதை. சொன்னால் சொன்னதுதான் என்று பிராமிக்குத் தெரிந்தது. திண்டிவனத்து வாசல் அவளுக்குத் திறந்தாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு நடந்தால் போதும்.

கூடத்தில் குமரேசனின் போட்டோவுக்கு முன்னால் ராஜாமணி இலையைப் போட்டாள். சோறும் கறிக்குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். நயினார் முகத்தைத் திருப்பிக்கொண்டாரே தவிர எழுந்து போகவில்லை. பாதி குடித்த டம்ளர் கையில் இருந்தது. புடவைப் பை மடியில் இருந்தது.

பிராமி கரண்டியை எடுத்தாள். சொன்னபடி, தன் கையால் கறியை எடுத்து இலையில் வைத்தாள். ஒன்பது வருஷமாக அவன் தொடாதது. போட்டோவில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஒண்ணு வைக்கணும் அத்த," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

கேப்பை மாவு டப்பாவுக்குள் கையை விட்டாள். பேப்பரில் சுற்றிய இரண்டு முட்டை. அவன் போன அன்றைக்கு முதல் நாள் வாங்கியவை. எடுத்து வீச மனசு வராமல் அங்கேயே கிடந்தன. சொம்புத் தண்ணீரில் இரண்டையும் போட்டாள். ஒன்று மிதந்தது. ஒன்று அடியில் போய்ப் படுத்தது.

பின்னாலேயே வந்த ராஜாமணி அவள் கையைப் பிடித்தாள். "இன்னாடி பண்ற? எதிர்ல ஒக்காந்துக்கினு இருக்காருடி ஒங்கப்பன். வேணாம். நீ போவ வேண்டிய எடம் அது. கெடுத்துக்காத."

"அவரு என்னைப் பாராட்டறாரு அத்த." பிராமியின் குரல் அப்பாவின் குரல் மாதிரியே மெதுவாக இருந்தது. "நான் உங்க புள்ளைக்கு ஒண்ணும் குடுக்காம சாவவிட்டேன்னு நெனச்சுக்கிட்டு, அதுக்காக என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கிறாரு. அதைக் கேட்டுக்கிட்டு அந்த வீட்ல என்னால ஒரு வாய் சோறு திங்க முடியாது. நான் உங்க புள்ளையைச் சாவவிடல. அது எங்கப்பாவுக்கும் தெரியணும்."

ராஜாமணியின் பிடி தளர்ந்தது.

கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் கதவு கிடையாது. பிராமி அடுப்பைப் பற்றவைத்தாள். மிதக்காத முட்டையைக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினாள். ஒரே தட்டு. பழகிய கை. மாவில் கலந்து கல்லில் ஊற்றினாள். சொய் என்ற சத்தமும் வாடையும் ஒன்றாய்க் கூடத்துக்கு வந்தன.

தட்டில் எடுத்துக்கொண்டு அப்பாவைத் தாண்டிப் போய், இலையில் கறிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"முட்டைப்பா," என்றாள், போட்டோவைப் பார்த்தபடியே. "இந்த அடுப்புலதான். ரெண்டரை மாசம் நான்தான் குடுத்தேன்."

நயினார் டம்ளரைக் கீழே வைத்தார். நாற்காலியிலிருந்து எழுந்தார். மடியிலிருந்த பை நழுவி, புடவையின் ஓரம் தரையில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. வாசலைப் பார்த்தார். வெயில் படியைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு இலையைப் பார்த்தார். கடைசியாக, வந்ததிலிருந்து ஒரு தடவையும் நிமிர்ந்து பார்க்காத அந்தப் போட்டோவைப் பார்த்தார்.

அவர் பேசியபோது குரல் மிகவும் மெதுவாக இருந்தது.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

பிராமி அவரைப் பார்த்தாள். ராஜாமணியும் அடுப்படியிலிருந்து வந்து, அந்தப் பதிலுக்காக மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெத்துனு இருக்குது என்று கேட்டுவிட்டு இன்னொன்று வாங்கிச் சாப்பிட்டவனிடம், பதினேழு நாளாகப் பிராமியும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.